மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: டொக்டரிடம் மருந்து வாங்குவதும் செலவுக் கணக்கும்

ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று பல பக்கங்களிலிருந்து ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் ஹட்டன் பக்கம் மாற்றலாகி வருகிறார்கள். வந்த முதல் மாதத்திலேயே மழையும் பனியும் பிடித்துத் தடிமன், இருமல், காய்ச்சல் என்று ஒரு தடவையாவது டொக்டரிடம் போக வேண்டி வரும். நான் பதினொரு வருடமாக இங்கே டவுனில் ஒரு பாமசி கவுண்டரில் நிற்கிறேன். புதிதாக வந்தவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே காசு வீணாகிறது என்று தினமும் பார்க்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு குளிசையின் பெயரும் அளவும் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். செலவைக் குறைப்பதும் ஆபத்தைத் தவிர்ப்பதும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கே போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அரச ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்ப்பதும் மருந்தும் இலவசம். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. பெரிய வருத்தம் என்றால் நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகள். சாதாரண காய்ச்சலுக்குக் காலையிலேயே ஓ.பீ.டி. (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நின்றால் போதும். அரை நாள் போகும். ஆனால் காசு போகாது.

அடுத்தது டவுனில் இருக்கும் தனியார் டொக்டர்கள். பலர் பகலில் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம்தான் டிஸ்பென்சரி திறப்பார்கள். நேரத்தோடு போய் நம்பர் எடுத்துக்கொள்ளுங்கள். விசேட நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் 'சனல்' பண்ண வேண்டும், அதாவது தனியார் இடத்தில் காசு கட்டி முன்கூட்டியே நம்பர் பதிய வேண்டும். அது தனிச் செலவு. சாதாரண காய்ச்சல், வயிற்றுக் குழப்பத்துக்கு நேராகச் சனல் பண்ணப் போவது தேவையில்லை.

தோட்டங்களில் தோட்ட டிஸ்பென்சரியும், ஈ.எம்.ஏ. என்று எல்லாரும் சொல்லும் தோட்ட வைத்திய உதவியாளரும் இருப்பார்கள். காயத்துக்கு மருந்து கட்டவும் உடனடி உதவிக்கும் அது நல்லது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, இப்படி ஏதாவது என்றால் எந்த டிஸ்பென்சரியும் வேண்டாம். 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

டொக்டர் முன்னால் உட்காரும்போது

கையில் மூன்று விஷயம் இருக்கட்டும். ஏற்கனவே குடிக்கும் மருந்துகள் (உறையோடு, அட்டையோடு), கிளினிக் கொப்பி (அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் உங்கள் வருத்தத்தையும் மருந்தையும் எழுதித் தரும் கொப்பி), எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. நாட்டு வைத்தியரிடம் வாங்கிய கசாயம், சூரணம் குடித்தால் அதையும் மறைக்காதீர்கள்.

பிள்ளையைக் கூட்டிப்போனால் எடையைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் மருந்தளவு எடையைப் பார்த்துத்தான் கணக்கிடப்படும். கிளினிக்கில் தரும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப்போங்கள்.

சிங்களம் பேசும் டொக்டர் என்று தயங்க வேண்டாம். இங்கே பலருக்கு ஓரளவு தமிழ் புரியும். ஆனால் மருந்து உறையில் சிங்களத்தில் எழுதியிருக்கலாம். நாலைந்து சொல் தெரிந்தால் போதும்: 'உதே' காலை, 'தவல்' பகல், 'றே' இரவு, 'கேமட்ட பெர' சாப்பாட்டுக்கு முன், 'கேமட்ட பஸ்ஸே' சாப்பாட்டுக்குப் பின். டொக்டர் மருந்து எழுதித் தரும் துண்டில் ஆங்கில எழுத்தில் எழுதுவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பீ.டீ. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, டீ.டீ.எஸ். மூன்று வேளை, 'மானே' காலையில், 'நொக்டே' இரவில். எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருந்தால் தேவைப்பட்டால் மட்டும்.

வெள்ளை உறையும் துண்டும்

வெளியூரிலிருந்து வருபவர்களில் பலருக்கு இந்த இடம்தான் புதிது. இங்கே தனியார் டொக்டர்களில் பலர் மருந்தைத் தாங்களே கொடுப்பார்கள். டொக்டர் பார்க்கும் காசும் மருந்துக் காசும் சேர்த்து ஒரே தொகை. அறைக்கு வெளியே ஒரு சிறிய ஜன்னல், அதன் பின்னால் போத்தல்கள், ஒரு பெண் பிள்ளை சின்னச் சின்ன உறைகளில் குளிசைகளை எண்ணிப் போட்டு, மேலே 1, 1 என்று வேளையை மட்டும் எழுதிக் கையில் தருவார். உள்ளே ஒரு வெள்ளைக் குளிசை, ஒரு மஞ்சள் குளிசை, பாதி நீலம் பாதி சிவப்பாக ஒரு கப்சூல். என்னவென்று உறையில் ஒரு எழுத்தும் இருக்காது.

இந்த முறையில் நல்லதும் இருக்கிறது. இன்னொரு கடைக்கு அலைய வேண்டியதில்லை. பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு அது பெரிய விஷயம். இரண்டு மூன்று நாளைக்கு அளவாகக் கிடைக்கும், செலவும் சில சமயம் பாமசியை விடக் குறைவாக வரும். கஷ்டம் எங்கே என்றால், பெயர் தெரியாத மருந்து குடித்து இரவில் உடம்பெல்லாம் தடித்துப் போனால், ஆஸ்பத்திரியில் "என்ன மருந்து குடித்தீர்கள்?" என்று கேட்கும்போது வெள்ளைக் குளிசை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இந்த மருந்துகளோட பேரை ஒரு துண்டுல எழுதித் தர முடியுமா? கிளினிக்ல காட்டணும்." மரியாதையாகக் கேட்டால் அநேகமான டொக்டர்கள் எழுதித் தருவார்கள். அவசரத்தில் இருந்தால் ஜன்னலில் நிற்கும் பிள்ளையிடம் உறையின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள். இந்த மூன்றும் வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் மகளோடு எங்கள் கவுண்டருக்கு வந்தார். மலையில் நின்றபடியே இரண்டு தரம் தலைசுற்றி விழுந்திருக்கிறார். சத்துக் குளிசை ஏதாவது தாருங்கள் என்றுதான் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னேன். கிளினிக்கில் கொடுத்த உறையில் லொசார்டன் 50 என்று எழுதியிருந்தது, அது பிரஷரைக் குறைக்கும் குளிசை. டவுனில் இன்னொரு டொக்டர் பிரஷர் கூட என்று தனியாக ஒரு அட்டை கொடுத்திருந்தார். அதன் கம்பனிப் பெயர் வேறு. அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தால், அதுவும் லொசார்டன் 50. நான்கு வாரமாக இரண்டையும் சேர்த்துக் குடித்திருக்கிறார். அன்றே கிளினிக்குக்குத் திருப்பி அனுப்பினோம். அந்த டொக்டரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. அம்மாவின் கையில் கிளினிக் கொப்பி இருந்திருந்தால் அவர் அந்த அட்டையைக் கொடுத்திருக்க மாட்டார்.

ஐந்து வகை மருந்தில் எது கட்டாயம்?

தடிமன் காய்ச்சலுக்கு வரும் துண்டுகளில் ஒரு பழகிய வரிசை இருக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், மூக்கு ஒழுகுவதற்கு ஒரு அலர்ஜிக் குளிசை, ஒரு அன்டிபயோட்டிக், வயிறு எரியாமல் இருக்க ஒமெப்ரசோல், கடைசியாக ஒரு விட்டமின். ஐந்தும் எல்லாருக்கும் எப்போதும் தேவைப்படுவதில்லை. டொக்டரிடமே, "டொக்டர், இதுல எது கட்டாயம், எது இல்லாட்டியும் பரவாயில்ல?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் பாதிச் செலவு குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக விட்டமினும், இருமல் பாணி எழுதியிருந்தால் அதுவும்தான் முதலில் கழியும்.

அன்டிபயோட்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண தடிமன் வைரஸால் வருவது. அன்டிபயோட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது. ஆகவே வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். "போன தரம் இதுலதான் சுகமாச்சு" என்று அமொக்சிசிலின் அட்டையைக் காட்டிக் கேட்பவர்கள் கிழமைக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். துண்டு இல்லாமல் நாங்கள் கொடுக்கக் கூடாது, கொடுப்பதும் இல்லை. டொக்டர் பார்த்து ஐந்து நாளைக்கு எழுதினால் ஐந்து நாளைக்கும் வாங்க வேண்டும். காசு போதவில்லை என்று இரண்டு நாளைக்கு வாங்கிப் போவதைவிட, டொக்டரிடம் விலை குறைந்தது ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிக் கேட்பது நல்லது.

பரசிட்டமோலிலும் ஒரே மருந்தை இரட்டையாகக் குடிக்கும் ஆபத்து இருக்கிறது. பெனடோல் என்பது பரசிட்டமோல். டொக்டர் உறையில் போட்ட வெள்ளைக் குளிசையும் பரசிட்டமோலாக இருக்கலாம். 500 மில்லிகிராம் குளிசை என்றால் பெரியவர் ஒருவர் ஒரு தரத்துக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. உடம்பு மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் காய்ச்சல் என்றால் டெங்கையும் நினைக்க வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் போன்ற வலிக் குளிசைகள் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பரசிட்டமோல் மட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதற்குச் செலவைப் பார்க்காதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்யலாம்.

அலர்ஜிக் குளிசைகளில் சில நித்திரையைக் கொண்டுவரும். குடித்துவிட்டு இந்த வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

பாமசியில்

துண்டோடு வந்தால் முதலில் சுவரைப் பாருங்கள். உரிமப் பத்திரம் தொங்கும். பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் இருக்க வேண்டும். டொக்டரின் துண்டில் அவருடைய முத்திரையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். இலக்கமே இல்லாத துண்டு என்றால் யோசியுங்கள்.

அடுத்தது விலை. ஒரே மருந்தைப் பல கம்பனிகள் பல பெயரில் விற்கின்றன. உதாரணமாக, கொலஸ்ட்ரோலுக்குக் குடிக்கும் ஒரு மருந்தின் சொந்தப் பெயர் அற்றோவஸ்டற்றின் என்று ஒன்றுதான். ஆனால் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். விலை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று வித்தியாசப்படும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், டொக்டர் துண்டில் மருந்தின் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்கிறது. என்னென்ன வகை, என்ன விலையில் இருக்கிறது என்று கேட்டால் மருந்தாளர் சொல்ல வேண்டும். ஆகவே கூச்சப்படாமல், "இதே மருந்து விலை குறைஞ்சதுல இருக்கா, மிஸ்?" என்று கேளுங்கள். எங்களுக்கு அது கோபம் வரும் கேள்வி இல்லை.

கணக்கு எப்படி என்று காட்ட ஒரு உதாரணம் (விலை மாறிக்கொண்டே இருக்கும், முறையை மட்டும் பாருங்கள்). ஒரு குளிசை 30 ரூபாய், நாளைக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு 60 குளிசை, 1800 ரூபாய். அதே மருந்து 6 ரூபாய்க்குக் கிடைத்தால் 360 ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. வித்தியாசம் அந்த ஒரு நாள் சம்பளத்துக்கும் மேலே. சீனி வருத்தமோ பிரஷரோ என்றால் இது ஒவ்வொரு மாதமும் வரும் செலவு.

விலை குறைந்தது தரம் குறைந்தது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்கினால் ஏழை நாடும் நல்ல மருந்து வாங்கலாம் என்று செய்து காட்டினார். அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் கண்டியிலும் வேறு பல நகரங்களிலும் நீங்கள் பார்க்கும் ஒசுசல. மாத மருந்து வாங்குபவர்கள் டவுனுக்குப் போகும் நாளில் அங்கேயும் ஒரு தரம் விலை கேட்டுப் பாருங்கள். இரத்மலானையில் அரசே தயாரிக்கும் பரசிட்டமோல், சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் போன்றவை எங்களிடமும் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவோம்.

ஆனால் எல்லா மருந்தையும் மாற்றிவிடக் கூடாது. வலிப்பு மருந்து, தைரொய்ட் வருத்தத்துக்குக் குடிக்கும் தைரொக்ஸின், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வார்ஃபரின், இவற்றில் கம்பனி மாறினாலே சிலருக்கு அளவு கூடிக் குறையும். டொக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். மெட்ஃபோர்மினில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பின்னால் எழுத்து இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதையும் சாதாரண வகையையும் மாற்றி வாங்கக் கூடாது, உடைத்தும் விழுங்கக் கூடாது.

பல மருந்துகளுக்கு அரசு உச்ச விலை குறித்திருக்கிறது. 2016 இல் 48 மருந்துகளில் தொடங்கியது அது. பெட்டியில் அச்சடித்த விலைக்கு மேலே கேட்டால் பில்லை வாங்கிக்கொண்டு 1977 க்கு அழையுங்கள், அது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். பில் இல்லாமல் முறைப்பாடு நிற்காது.

இன்னொரு சின்ன விஷயம். அட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் திகதி உள்ள முனை கடையிலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் அந்த முனையைக் கேட்டுப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்டகால வருத்தம் என்றால் கிளினிக்கில் பதியுங்கள்

பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், ஆஸ்துமா இருப்பவர்கள் மாதா மாதம் தனியார் டொக்டரிடம் போய்க்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழைய ஊரில் கிளினிக்கில் இருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்து இங்கே கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் கொடுங்கள். கொப்பி போட்டு, பெரும்பாலும் ஒரு மாத மருந்து தருவார்கள். இடையில் காய்ச்சல் என்று தனியாரிடம் போனாலும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். பிரஷர் மருந்து குடிப்பவருக்குக் கால் வலி என்று டைக்ளோஃபெனக் எழுதினால் பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கும். கொப்பியைப் பார்த்தால் டொக்டர் வேறு வழி யோசிப்பார்.

கிளினிக்கில் சில மாதம் ஏதாவது ஒரு மருந்து இருக்காது. வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இது உச்சத்துக்குப் போனது. மருந்து இல்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அந்த மாதங்களில் மூன்று நாளைக்கு மட்டும் பிரஷர் குளிசை வாங்கி, நாலாம் நாள் மறுபடி வரிசையில் நின்ற வயதானவர்களின் முகம் எனக்கு மறக்காது. ஆகவே துண்டு கையில் கிடைத்த அன்றே வாங்குங்கள். முழு மாதத்துக்குக் காசு இல்லை என்றால் பத்து நாளைக்கு வாங்கி, மீதியை எப்போது வாங்குவது என்று திகதி குறித்து வையுங்கள். குளிசையைப் பாதி பாதியாகக் குடித்து நாளை இழுக்காதீர்கள்.

வீட்டில்

மலைநாட்டு ஈரம் மருந்துக்குப் பகை. மே மாதத்திலிருந்து ஹட்டன், நோர்வூட் பக்கம் மழை பிடித்தால் உப்பே கரைந்து நிற்கும். காகித உறைக்குள் இருக்கும் குளிசை என்ன ஆகும்? மெத்தென்று ஆகி, நிறம் மாறி, தூளாக உதிரும். இறுக்கி மூடும் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், உறையையும் சேர்த்தே போடுங்கள், பெயர் அதில்தான் இருக்கிறது. சூடாக இருக்கும் என்று அடுப்புக்கு மேலே வைப்பார்கள். அது கூடாது, புகையும் ஆவியும் அங்கேதான் ஏறும். இன்சுலின் போத்தலைத் திறக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் வெளியே வைத்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். உறைநிலைப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது.

கடைசியாக நாட்காட்டியைப் பாருங்கள். சித்திரை வருடப் பிறப்புக்கு டவுனில் பல கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். டொக்டர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கும் அப்படித்தான். ஒரு கிழமைக்கு முன்பே டப்பாவைத் திறந்து குளிசைகளை எண்ணுங்கள். பத்து நாளைக்குக் குறைவாக இருந்தால், துண்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.